கேள்வி கேட்பவர் யார்?

ஆண்டு ஒன்று முடியும் தறுவாயில் ஏடுகளுக்கு ஒரு வேலை வந்து சேருகிறது. போன பன்னிரண்டு மாதச் செய்திகளையும் சலித்தெடுத்து, "இவை உங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்று கேள்வி அடுக்குகிறார்கள். பட்டம் வென்ற வீரர் யார்? பதவி துறந்தவர் யார்? பரிசு பெற்ற எழுத்தாளர் யார்? மணம் முடித்த நடிகை யார்? மறைந்த இசைவாணர் யார்? இருபத்தைந்து கேள்விக்கு இருபது விடை சொன்னால் அறிவாளி. பத்து சொன்னால் பாதகமில்லை. ஐந்தோடு நின்றால், ஏடு பார்க்காத பேர்வழி என்று ஏளனம்!

நாம் இந்த விளையாட்டைக் குறை சொல்ல வரவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் பாட்டாளி, நாலு பேரோடு உட்கார்ந்து நினைவைச் சோதித்துப் பார்ப்பதில் தீங்கு ஏது? 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் பொது மண்டபத்தில் நடத்திய வினாடிவினா, பிறகு வானொலிக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் கோடி ரூபாய்ப் பரிசோடு தொலைக்காட்சிக்கும் வந்தது. தமிழிலும் திரை நட்சத்திரங்கள் கேள்வி கேட்க, நம் மக்கள் நாற்காலி நுனியில் அமர்ந்து விடை சொன்னார்கள். அதெல்லாம் பொழுதுபோக்கு.

ஆனால் தோழர்களே, பொழுதுபோக்கோடு முடியவில்லை இந்தச் சங்கதி. இதே கேள்விகள்தான் நம் வீட்டுப் பிள்ளைகளின் பிழைப்பையும் தீர்மானிக்கின்றன.

*ஐந்தாவது வட்டம்*

1929இல் சென்னை மாகாணத்தில் ஒரு தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலில் அமைந்தது அதுதான். இன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்ற பெயரில் இயங்குகிறது. அது நடத்தும் குரூப் 4 தேர்வைப் பத்தாம் வகுப்புத் தேறியவர் எழுதலாம். மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். தமிழுக்கு 100 கேள்வி, பொது அறிவுக்கு 75, திறனறிவுக்கு 25. அந்தப் பொது அறிவில் நடப்பு நிகழ்வுகளும் உண்டு. கடந்த ஆண்டுச் செய்தியும், பரிசும், பதவியும், விளையாட்டும் அங்கேதான் வந்து நிற்கின்றன.

2024 ஜூன் 9ஆம் நாள் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 இலட்சத்துக்கும் மேல்! இடங்கள் பிறகு கூட்டப்பட்டன என்றாலும், ஒரு நாற்காலிக்கு எத்தனை நூறு பேர் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேள்வி தவறினால் வரிசையில் ஆயிரக்கணக்கானோருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். "போன ஆண்டு இந்தப் பரிசு யாருக்கு?" என்ற கேள்வி, தறியில் உட்கார்ந்து தகப்பன் படிக்கவைத்த பிள்ளைக்குச் சோற்றுக் கேள்வி.

அந்த விடைத்தாளில் ஒரு விந்தை உண்டு. 2020 முதல் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள். நான்கு வட்டங்கள் விடைகளுக்கு. ஐந்தாவது வட்டம், "விடை தெரியவில்லை" என்பதற்கு. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால், "இத்தனை நடந்த ஆண்டில் இதை மட்டும் ஏன் கேட்டீர்கள்?" என்று கேட்க ஆறாவது வட்டம் இல்லை. தேர்வுக்கூடத்தில் அது இருக்கவும் முடியாது. அதற்கு இடம் வெளியே இருக்கிறது. திண்ணையில் இருக்கிறது, தேநீர்க் கடையில் இருக்கிறது, படிப்பகத்தில் இருக்கிறது.

*முசரவாக்கத்தில் ஒரு தேர்வு*

காஞ்சி வட்டாரத்துச் சிற்றூர் முசரவாக்கம். அங்கே ஒரு மாலை வேளையில் இப்படி ஒரு தேர்வு வைப்பதாக எண்ணிக்கொள்வோம். பட்டுத் தறியிலிருந்து எழுந்து வந்தவர் ஒருவர். ஆலைப் பேருந்திலிருந்து இறங்கி வந்தவர் ஒருவர். தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர். 2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் பரபரப்பு ஆறிவிட்டது, அமைதியாகப் பேசலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஏடுகள் கேட்கும் கேள்வியோடு நிற்காமல், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அடுத்த கேள்வி ஒன்றையும் நாமே கேட்பது.

முதல் கேள்வி. 2024 டிசம்பர் 12ஆம் நாள் உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற சென்னை இளைஞர் யார்? தம்பி உடனே சொல்லிவிடுவார்: குகேஷ். சிங்கப்பூரில், பதினான்காவது ஆட்டத்தில், சீனத்து டிங் லிரனை வென்றார். வயது 18. சர்ச்சைக்கிடமற்ற உலகப் பட்டம் வென்றவர்களில் மிக இளையவர். முழு மதிப்பெண்!

அடுத்த கேள்வி. சென்னையிலிருந்து இத்தனை சதுரங்க வீரர்கள் எழுந்தது எப்படி? மண்ணின் மகிமையா? மந்திரமா? இல்லை. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர் மானுவல் ஆரோன். 1972இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கிற்று. நூல்களும் பலகைகளும் போட்டிகளும் அங்கே இளைஞர்களுக்குக் கிடைத்தன. அங்கே பழகிய விசுவநாதன் ஆனந்த் 2000இல் உலகப் பட்டம் வென்றார். வசதி செய்து கொடுத்தால் அறிவு முளைக்கிறது என்பதுதான் விடை. அப்படியானால், நம் ஊர்ப் பள்ளியில் எத்தனை சதுரங்கப் பலகைகள் இருக்கின்றன? இந்தக் கேள்வியை எந்த ஏடும் கேட்காது. முசரவாக்கத்துக்காரர்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி. அதே டிசம்பர் 12ஆம் நாள் கேரளத்தில் நடந்த திறப்பு விழா எது? வைக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகம். இரு மாநில முதலமைச்சர்களும் கூடி நடத்திய விழா. அடுத்த கேள்வி: 1924இல் அங்கே போராட்டம் எதற்காக? கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக! உள்ளே போவதற்குக்கூட அல்ல, தெருவில் நடப்பதற்கு. நாய் நடந்த தெருவில் மனிதன் நடக்க, மனிதர்கள் சிறை புக வேண்டியிருந்தது. கோயில் நகரமாம் காஞ்சியின் வீதிகளில் இன்று தடையின்றி நடக்கும் நமக்கு, அந்த நடைக்கு ஒரு விலை இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்றாவது கேள்வி சினிமா. சினிமா இல்லாத தேர்வு தமிழ்நாட்டில் சுவைக்காதே! 2024 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளிவந்த 'தங்கலான்' படத்தின் நாயகர் யார்? விக்ரம். இயக்கியவர்? பா. இரஞ்சித். இதற்குத் தம்பிக்கு முன்பே தறிக்காரர் விடை சொல்லிவிடுவார்.

அடுத்த கேள்வி. கோலார் தங்க வயலில் உண்மையில் பூமியைக் குடைந்தவர்கள் யார்? வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற நம் மக்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். வெள்ளைக்காரக் கம்பெனிக்காக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. நாட்டின் பெருநகரங்கள் பல அப்போது இருளில் கிடந்தன. பொன்னெல்லாம் கப்பலேறிப் போயிற்று. வெட்டியவர் நுரையீரலில் கல்தூசு தங்கிற்று. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது எஞ்சியவர்கள், அன்றாடம் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். திரையில் நாயகரைக் கண்டு கை தட்டிய கரம், இந்த வரலாற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். நட்சத்திரத்தைப் பற்றிய கேள்வியை நாம் ஏன் வெறுக்க வேண்டும்? அதைக் கதவாக்கி உள்ளே நுழைந்தால் போதும்.

*ஒரே நாள், இரு செய்தி*

நான்காவது கேள்வி. 2024 ஜூன் 29ஆம் நாள் பார்படோஸில் இந்தியா வென்ற கோப்பை எது? இருபது ஓவர் கிரிக்கெட் உலகக் கோப்பை. ஊரெல்லாம் வெடி. மூவரும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த கேள்வி. அதே ஜூன் 29ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் எது? மதுவிலக்குச் சட்டத் திருத்தம். கள்ளச்சாராயம் காய்ச்சி உயிர் குடித்தவருக்கு ஆயுள் தண்டனை வரை தரும் திருத்தம். ஏன் வந்தது? பத்து நாள் முன்புதான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியாயினர். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். உடல் வலிக்கு மலிவான மருந்து என்று நம்பிக் குடித்தவர்கள். கோப்பை யாருக்கு என்பது நினைவிருக்கிறது, கருணாபுரம் நினைவிருக்கிறதா? சட்டம் கடுமையாயிற்று; சரி. வலி தீர வேறு வழி பிறந்ததா? இது விடை எழுதி முடிக்கும் கேள்வியல்ல. தொடர்ந்து கேட்க வேண்டிய கேள்வி.

ஐந்தாவது கேள்வி. 2024 அக்டோபர் 9ஆம் நாள் மறைந்த தொழிலதிபர் யார்? இரத்தன் டாட்டா. ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுதட்டும், மறைந்தவருக்கு மரியாதை செய்வது நம் மரபு.

அடுத்த கேள்வி, நம் மாவட்டத்துக் கேள்வி. அந்த அக்டோபர் மாதம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், தொழிலதிபரின் வாசலில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்தவர்கள் யார்?

இதற்கு ஆலைப் பேருந்தில் வந்த தோழர் பதில் சொல்லட்டும். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள். குளிர்பதனப் பெட்டியும், துணி வெளுக்கும் எந்திரமும், தொலைக்காட்சிப் பெட்டியும் செய்யும் கைகள் 2024 செப்டம்பர் 9ஆம் நாள் வேலையை நிறுத்தின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறங்கினர்; சி.ஐ.டி.யு. துணை நின்றது. கூலி உயர்வு கேட்டார்கள். வேலை நேரத்தில் ஒழுங்கு கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தாங்கள் அமைத்த சங்கத்தைச் சங்கம் என்று ஏற்கச் சொன்னார்கள். பந்தல் பிரிக்கப்பட்டது, தோழர்கள் கைது செய்யப்பட்டார்கள். அமைச்சர்கள் பேச்சு நடத்தினார்கள். 37 நாட்களுக்குப் பிறகு அக்டோபர் 15இல் போராட்டம் முடிந்தது. உயர்நீதிமன்றப் படியேறிய பிறகு, 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

இன்னும் ஒரு கேள்வி. சங்கத்தைப் பதிவு செய்ய அப்போது வழி சொன்ன சட்டம் எந்த ஆண்டுச் சட்டம்? 1926. யாருடைய போராட்டத்தால் வந்த சட்டம்? இங்கேதான் நெஞ்சு நிமிர வேண்டும். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைப் பெரம்பூரில் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது; வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். 1920இல் கதவடைப்பு நடந்தபோது நிர்வாகம் வாடியா முதலியோர் மீது வழக்குத் தொடுத்தது. சங்கத் தலைவர்களுக்கு எதிராக உயர்நீதிமன்றம் தடையாணை தந்தது. சங்கம் நடத்துவதே சட்டவிரோதமா என்று நாடு அதிர்ந்தது. 1921இல் என்.எம். ஜோஷி டில்லிச் சட்டசபையில் பிரச்சினையைக் கிளப்பினார். அதன் விளைவே 1926ஆம் ஆண்டுச் சட்டம். பெரம்பூர்த் தொழிலாளி பட்ட அடி, சுங்குவார்சத்திரத்துத் தொழிலாளிக்கு ஆயுதமாயிற்று. இடையில் நூறு ஆண்டு. இடம் அறுபது கிலோமீட்டருக்குள்! இந்தத் தொடர்பை அறிந்தவன் வேலைநிறுத்தப் பந்தலில் தனியனாக உட்காரமாட்டான்.

*உடுத்தியவர் யார், நெய்தவர் யார்?*

2024 கணக்கு முடிந்த கையோடு இன்னொரு பிரமுகர் செய்தி வந்தது. நம் ஊர்ப் பட்டுச் சம்பந்தப்பட்டதால் அதையும் சேர்த்துக்கொள்வோம். 2025 ஜனவரியில், டிரம்ப் பதவியேற்பையொட்டி வாஷிங்டனில் நடந்த விருந்துக்கு நீதா அம்பானி காஞ்சிப் பட்டு உடுத்திச் சென்றார். கோயில் சிற்பங்களைப் பார்த்துப் போட்ட நூற்றுக்கும் மேற்பட்ட உருக்கள் அந்தச் சேலையில். இந்தமுறை நெய்தவர் பெயரும் வெளிவந்தது: தேசிய விருது பெற்ற பி. கிருஷ்ணமூர்த்தி. மகிழ்ச்சி! உடுத்தியவர் பெயரோடு நெய்தவர் பெயரும் அச்சேறுவது அடிக்கடி நடப்பதல்ல.

அடுத்த கேள்வியைத் தறிக்காரரே கேட்பார். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் ஓடும் கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியுமா? முடியாது. பக்கத்தில் துணையாள் இருந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். சாயம் தோய்த்தவர் ஒருவர், பாவு ஓட்டியவர் ஒருவர், விடியுமுன் எழுந்து ஊடைக்குத் தார் சுற்றிய வீட்டுப் பெண் ஒருத்தி. இவர்கள் பெயர் எந்த ஏட்டில்? 2019–20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்போர் 35 இலட்சம். அவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். ஆகஸ்டு 7ஆம் நாள் தேசியக் கைத்தறி நாள் என்று பொது அறிவுப் புத்தகம் சொல்லிக் கொடுக்கிறது. அந்த நாள் யாருடைய நாள் என்பதையும் சொல்லித்தர வேண்டாமா?

சேலையில் சரிகை கண்ணைப் பறிக்கும். வாங்க வந்தவர் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார். ஆனால் பாவு இல்லாமல் சரிகை எதில் நிற்கும்? தலைப்புச் செய்தி சரிகை. உழைக்கும் மக்களின் வாழ்வு பாவு. நெய்கிறவருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

*மறந்தால் என்ன ஆகும்?*

"ஒரு கேள்வி விட்டுப்போனால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்பார் உண்டு. 1968ஆம் ஆண்டைப் பாருங்கள். நல்ல செய்திகள் நிறைந்த ஆண்டு. ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. கடற்கரையில் தமிழ்ப் பெரியோர் சிலைகள். அதே மாதம் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது, எம்.ஜி.ஆரின் நூறாவது படம் 'ஒளிவிளக்கு' வந்தது. கொரானாவுக்கு நோபல் பரிசு. டிசம்பர் 24ஆம் நாள் மூன்று அமெரிக்கர்கள் முதன்முதலாகச் சந்திரனைச் சுற்றினர். வினாத்தாளுக்கு விருந்து!

மனிதன் சந்திரனைச் சுற்றி வந்த மறுநாள், டிசம்பர் 25ஆம் நாள் இரவு, தஞ்சைத் தரணியில் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதும், சங்கம் வைத்ததும் அவர்கள் செய்த குற்றம். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலப்பிரபுக்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. வெண்மணியை விட்டுவிட்டு 1968க்கு ஒரு வினாத்தாள் போடலாம்; இருபத்தைந்துக்கு இருபத்தைந்தும் வாங்கலாம். அந்த ஆண்டைத் தெரிந்துகொண்டதாகுமா அது? வெண்மணி இன்று நினைவிலிருக்கிறது என்றால், ஆண்டுதோறும் அங்கே போய்ச் செங்கொடி ஏற்றி, அந்தப் பெயரை ஊர் ஊராகச் சொன்ன தொழிலாளர்களால்தான் இருக்கிறது.

*நமக்குள் ஒரு வார்த்தை*

இதுவரை ஏடுகளைக் கேட்டோம். இனி நம்மையே கேட்டுக்கொள்வோம். தலைவர் பிறந்தநாள் நமக்குத் தெரியும். மாநாடு நடந்த ஊரும், கூடிய கூட்டமும், பேச்சில் எங்கே கைதட்டல் எழுந்தது என்பதும் தெரியும். நம் தெருவில் இன்று எத்தனை தறி ஓடுகிறது, எத்தனை தறி நின்றுவிட்டது? கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 200 அலகாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 அலகாக உயர்ந்ததே, அது கிடைக்காத வீடு எது? கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் எத்தனை பேர்? இவற்றுக்கு ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்கும் நிலையில் நாம் இருக்கலாமா?

கைப்பேசியில் வந்து விழுவதையெல்லாம் செய்தி என்று எடுத்துக்கொள்வதும் கூடாது. எந்த நாள் நடந்தது, எங்கே நடந்தது, சொன்னவர் யார் என்று கேட்டு, இரண்டு ஏடுகளிலாவது பார்த்து ஏற்க வேண்டும். தவறான விடை தேர்வில் மதிப்பெண்ணைப் பறிக்கும். ஊரில் பரவினால் ஒற்றுமையையே பறிக்கும்.

காஞ்சி மண்ணுக்கு இது புதிதல்ல. 1942இல் இந்த நகரிலிருந்துதான் அண்ணாவின் 'திராவிட நாடு' கிழமை இதழ் புறப்பட்டது. எழுத்தறியாதவர் சுற்றி உட்கார, அறிந்தவர் ஒருவர் ஏட்டை உரக்கப் படித்த படிப்பகங்களும் முடிதிருத்தகங்களும் தமிழ்நாடெங்கும் இருந்தன. படித்ததோடு விட்டார்களா? "அதெப்படி?" என்று ஒருவர் கேட்பார். "ஏன் கூடாது?" என்று இன்னொருவர் எழுவார். அந்தக் கேள்விகளிலிருந்துதான் ஊழியர்கள் உருவானார்கள்.

ஆகவே ஒரு வேலைத்திட்டம் சொல்கிறோம். ஆண்டு முடிவில் ஒவ்வொரு படிப்பகமும் ஒரு வினாத்தாள் தயாரிக்கட்டும். இருபது கேள்விகள் போதும். பத்து, தேர்வாணையம் கேட்கக்கூடியவை. பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க அவை வேண்டும், அதில் நமக்குச் சமரசம் இல்லை. மற்றப் பத்து, ஊர் கேட்க வேண்டியவை. "யார்?" என்று ஒரு கேள்வி வந்தால், "ஏன்?" என்று ஒன்று வரட்டும். "எந்த நாள்?" என்று ஒன்று வந்தால், "யார் உழைப்பால்?" என்று ஒன்று வரட்டும். கேள்வி போடும் பொறுப்பைப் படித்த பிள்ளைகளிடம் மட்டும் விடாதீர்கள். தார் சுற்றும் தாய்மார் இரண்டு கேள்வி போடட்டும். ஆலைத் தோழர் இரண்டு போடட்டும். வயலில் நாற்று நடுபவர் இரண்டு போடட்டும். விடைகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்தாண்டு கழித்து அந்த நோட்டுகள்தாம் உங்கள் ஊரின் வரலாறு. வேறு யாரும் அதை எழுதித் தரப்போவதில்லை.

முசரவாக்கத்துத் தோழர்கள் முதல் வினாத்தாளைத் தயாரித்தால், பக்கத்து ஊரார் இரண்டாவதைத் தயாரிப்பார்கள். பரிசு என்ன என்று கேட்காதீர்கள். கோடி ரூபாய் நம்மிடம் இல்லை. விடை சொல்லி வேலை பெறும் பிள்ளையும், கேள்வி கேட்டு உரிமை பெறும் தகப்பனும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அந்தப் பரிசு போதும்.